ஒரு வாளி நல்ல தண்ணீர்

வாளிக்குள் இருப்பது குடிதண்ணீர்தான் என்று ஹென்றி சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். சுவரில் மாட்டியிருந்த போர்டு அதை நம்பத் தயாராக இல்லை. ‘ஈயம் - அளவுக்கு மேல்’ என்று சிவப்பு எழுத்தில் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

திருவொற்றியூரில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் அந்தக் கம்பெனியில் ஹென்றி சுற்றுச்சூழல் அதிகாரி. பட்டம்தான் பெரிசு. சுற்றுச்சூழலுக்காக அவன் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்று. கழிவுநீர்த் தொட்டிக்குள் இருக்க வேண்டிய சென்சாரை வெளியே எடுத்து, ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு வைப்பான். சென்சார் எங்கே கிடக்கிறது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதற்குப் போய்ச் சேருவது வெறும் எண். இந்த ஏற்பாட்டினால் பல வருடங்களாக அந்தக் கம்பெனியின் கழிவுநீர் இளநீரோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது.

கழிவுநீரைச் சுத்தம் செய்யவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். நிறம் போகவும் வாடை போகவும் முதலாளி அலெக்ஸாண்டர் தாராளமாக மருந்து வாங்கிப் போட்டார். ஜனங்கள் புகார் கொடுப்பது அந்த இரண்டுக்கும்தான். ஈயத்துக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆகவே அதற்காகச் செலவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

பழைய சென்சார் ஓர் அப்பாவி. கலங்கலையும் புளிப்பையும் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. போன வாரம் வாரியம் கொண்டுவந்து மாட்டிய புதுசு அப்படியில்லை. தண்ணீருக்குள் நீல வெளிச்சத்தைப் பாய்ச்சும். ஈயம் இருந்தால் அதன் முனையில் தடவியிருக்கும் மருந்து மினுங்கும். எவ்வளவு மினுக்கமோ அவ்வளவு ஈயம். போர்டு சிவப்பானால் வாரியத்து அதிகாரியின் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும்.

அலெக்ஸாண்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாய்யா ஹென்றி, செவப்பா கீது?”

“வாளி பழசு சார். ஈயம் அள்ளுன வாளி. அதான் காட்டிக்குடுக்குது.”

“ஒரு வாளிய ஒழுங்கா பாத்துக்க முடியல உன்னால. சீல் வெச்சாங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அத்திப்பட்டாண்ட வேற பேர்ல தொறந்துடுவேன். உன்ன எவன் வேலைக்கு வெச்சிப்பான்?”

அது நியாயமான கேள்விதான். ஐம்பதைத் தாண்டிய, வாளியில் சென்சார் போடுவதில் மட்டும் அனுபவமுள்ள ஒருவனுக்காக உலகம் காத்துக்கொண்டிருக்கவில்லை. மகள் ஷைனி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்தச் சமயத்தில் வேலை போகவே கூடாது.

அன்றைக்கே கொருக்குப்பேட்டைக்குப் போய் ஒரு புது வாளி வாங்கி வந்தான். கேனைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி, சென்சாரை இறக்கினான். சிவப்பு.

வெளிச்சத்தால் வேலை செய்கிற மிஷின் அல்லவா, வெயில் பட்டுத்தான் குழம்புகிறது என்று அடுத்துத் தோன்றியது. மனைவி சாண்ட்ராவின் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து வாளிக்குமேல் கட்டினான். வெயில் மறைந்ததும் மினுக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எண் ஏறியது. வாரியத்துக்கு இன்னொரு செய்தி போயிற்று.

“கொட புடிச்சி உபசாரம் பண்றியா அதுக்கு?” என்றார் அலெக்ஸாண்டர். “அப்பிடியே ஒரு ஃபேனும் வெச்சிடேன்.”

இனி பாக்கி இருந்தது தண்ணீர். கம்பெனியில் போர் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். லாரித் தண்ணீரில் துரு மிதக்கும். மனிதன் குடிக்கக்கூடியது தவ்ஃபீக் போடும் கேன் தண்ணீர்தான். கேனில் பனிமலைப் படம் ஒட்டியிருக்கும். திருவொற்றியூருக்குப் பக்கத்தில் பனிமலை எங்கே இருக்கிறது என்று யாரும் அவனைக் கேட்டதில்லை.

குட்டி யானை வண்டியிலிருந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்தவனை ஹென்றி மடக்கினான்.

“இன்னாடா தவ்ஃபீக், தண்ணி சரியில்லியா?”

“இன்னாண்ணே இப்பிடி கேட்டுட்ட? நாக்குல வெச்சிப் பாரு, லேசா தித்திக்கும். இந்த ஏரியால தித்திக்கிற தண்ணி வேற எவன்கிட்ட கீது, சொல்லு?”

ஹென்றி ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தான். தித்திக்கத்தான் செய்தது. அந்தத் தித்திப்புக்காகத்தான் வீட்டுக்கும் அதையே போடச் சொல்லியிருந்தான்.

“இத்தவிட ஒசத்தியா எதுனா கீதா?”

“ஸ்பெஷல் கீது. நீல மூடி. வெல கொஞ்சம் ஜாஸ்தி.”

நீல மூடித் தண்ணீரை வாளியில் ஊற்றினான். விலை ஜாஸ்தி என்பதாலோ என்னவோ, எண்ணும் கொஞ்சம் ஜாஸ்தியாக வந்தது. வாரியத்துக்கு மறுபடியும் செய்தி போனது.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்தே ஒரு குடம் தண்ணீரை ஸ்கூட்டரில் வைத்துக் கிளம்பினான். சாண்ட்ரா வாசலில் மறித்தாள்.

“இன்னாங்க இது? பொண்ணுக்குக் குடிக்கத் தண்ணி இல்லாம தூக்கினு போறீங்க.”

“தவ்ஃபீக் வந்து ரெண்டு கேன் ஜாஸ்தியா போடுவான். புள்ளத்தாச்சி பொண்ணு, நெறைய குடிக்கச் சொல்லு.”

வீட்டுத் தண்ணீருக்கும் போர்டு சிவப்பாகத்தான் சிமிட்டியது. அப்போதுதான் ஹென்றிக்குத் தெளிவு பிறந்தது.

“சார், இது என் பொண்ணு தெனமும் குடிக்கிற தண்ணி. அவ நல்லாதானே கீறா? அப்ப மிஷினுதான் பொய் சொல்லுது.”

இந்தத் தர்க்கத்தில் அலெக்ஸாண்டரால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வாரியத்தின் ஜீப் ஹாரன் அடித்தது.

ஹென்றி பாய்ந்து குடையைப் பிய்த்தான், சென்சாரை வாளியிலிருந்து உருவிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் வீசினான், வாளியைக் கால்வாயில் கவிழ்த்தான். பிறகு பயந்துகொண்டே போர்டைப் பார்த்தான். எண் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

“பாத்தீங்களா சார்? குடிதண்ணிக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாத மிஷினு. இத்த வெச்சினு நம்மள பேஜார் பண்ணிக்கீறாங்க.”

அலெக்ஸாண்டர் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. “கரெக்டு. வாரியத்து இன்ஜினீயரம்மாகிட்ட நாமே மொதல்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துடலாம்.”

வாரியத்து இன்ஜினீயர் ரமாபாய் வந்தார். தொட்டியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“மேடம், இந்த சென்சார்ல கோளாறு கீது...” என்று ஹென்றி ஆரம்பித்தான்.

“கோளாறா? உங்க கழிவுநீர் பின்பக்கச் சுவத்துப் பைப் வழியா வெளிய போகுதில்ல, நேத்து அதுல நாங்களே தண்ணி பிடிச்சு லேபுக்கு அனுப்பினோம். லேப் சொன்ன அளவும் உங்க சென்சார் அனுப்பின அளவும் அப்படியே ஒத்துப்போகுது.”

ஹென்றி போர்டைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இந்த ரோட்டுல மத்த கம்பெனி எல்லாம் பச்சை காட்டுச்சு,” என்றார் ரமாபாய். “போய்ப் பார்த்தா, சென்சார் வாளியில உக்காந்து குளிச்சிட்டிருக்கு. வரிசையா சீல் வெச்சிட்டு வர்றேன். தனக்குப் பாதகமா இருந்தும் உண்மையான எண்ணை அனுப்பினது நீங்க ஒருத்தர்தான். யாரு இதைப் பார்த்துக்கறது?”

அலெக்ஸாண்டர் சட்டென்று ஹென்றியின் தோளில் கைபோட்டார்.

“நேர்மைன்னா எங்க கம்பெனில ஹென்றிதான் மேடம். வாளி கீளின்னு எவனாவது பேசுனா அவருக்குக் கோவம் வந்துடும்.”

“நல்லது. உங்களுக்கு நான் சீல் வைக்கல. ஈயத்தை எடுக்க ஒழுங்கான சுத்திகரிப்பு போட அவகாசம் தர்றேன். அது வர்ற வரைக்கும் இந்தத் தொட்டித் தண்ணி வெளிய போகக் கூடாது. பைப்பை இப்பவே மூடுங்க. இவர் இந்த வேலையிலயே இருக்கட்டும், மாத்தாதீங்க.”

“மாத்தறதா? சம்பளம் ஏத்தப் போறேன் மேடம்.”

ஹென்றி ஓடிப்போய் வால்வைத் தன் கையாலேயே திருகி மூடினான். வேலை போகவில்லை. ஷைனியின் பிரசவத்தைக் கவலையில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கண்ணில் நீர் முட்டியது. வாளித் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் எப்படி ஒரே எண் வந்தது என்று மனம் ஒரு நொடி கேட்டது. அதிர்ஷ்டம் வரும்போது குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று அதை அடக்கினான்.

ஆபீசுக்குத் திரும்பி, நீல மூடி கேனைத் திறந்து மூன்று டம்ளர்களில் ஊற்றினான். அலெக்ஸாண்டர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். ரமாபாய் பாதி குடித்துவிட்டு, “தண்ணி நல்லா இருக்கே, லேசா தித்திக்குது,” என்றார். ஹென்றி தன் டம்ளரைக் காலி செய்து, இன்னொன்று ஊற்றிக்கொண்டான்.

அப்போது தவ்ஃபீக் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தான். கையில் ஒரு காலி கேனும் நனைந்த ரப்பர் குழாயும் இருந்தன.

“இன்னா ஹென்றி அண்ணே, பின்னாடி செவுத்துப் பைப்ப எவன் மூடுனது? பாதி வண்டிதான் ரொப்பிக்கீறேன், ஒங்க வூட்டுக்குப் போட வேண்டிய கேனு வேற காலியா கீது.”