நெஞ்சுக்கு ஒன்றுமில்லை

நாசூக்குக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அடையாளம் எளிது: கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான். நெஞ்சு.

என் தங்கையின் கணவர் இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவர். ஓர் ஒற்று விட்டுப்போனால் சோறு இறங்காது. பழச்சாறு வாங்கினால் குடிப்பதற்கு முன் புட்டியில் ஒட்டிய காகிதத்தைத் திருத்துவார். ஒருமுறை பெண்கள் நலக் கையேடு ஒன்று திருத்த வந்தது. 'மார்பு' என்றிருந்த பதினான்கு இடத்திலும் 'நெஞ்சு' என்று போட்டு அனுப்பினார். ஏன்? "நாலு பேர் படிப்பாங்கல்ல" என்றார். படிக்கத்தானே அச்சடித்தார்கள்?

பிப்ரவரி 9, காலை. குளிக்கும்போது தங்கையின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு, கெட்டி. கணவரிடம் சொன்னாள்.

"எங்க?"

"இங்கதான்."

"சரி சரி, காட்ட வேணாம். வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்ப ஒண்ணுமில்லை."

வலிக்காத கட்டியையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அதே கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம் சொல்கிறது. அந்த வாக்கியத்தில் காற்புள்ளி வைத்தவரே இவர்தான்.

ஏப்ரல் 2. கட்டிக்கு மேலே தோல் குழிந்துவிட்டது. தங்கை பிடிவாதம் பிடித்தபின் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சீட்டு எழுதும் இடத்தில் குனிந்து, ரகசியம்போல, "நெஞ்சுல கொஞ்சம்..." என்றார். இதயப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கை வாயைத் திறந்தாள். "அதான் நான் சொல்லிட்டேனே" என்று அடக்கினார். ஈசிஜி எடுத்தார்கள். அருமையான இதயம். அன்று மாலைக்குள் ஏழு உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "நெஞ்சுக்கு ஒண்ணுமில்லை." ஐந்தாவது ஆள் நான். நானும் மகிழ்ந்தேன்.

மே 25. தங்கை தனியாகப் போனாள். வரிசை நிறைய ஆட்கள். ஜன்னலருகே நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "மார்புல கட்டி. இடது பக்கம். பதினஞ்சு வாரமா இருக்கு."

கூரை இடிந்து விழவில்லை. பின்னால் நின்றவள், "எனக்கும் அதேதான்க்கா" என்றாள்.

மார்புக் கட்டிகள் பெரும்பாலும் புற்றாக இருப்பதில்லையாம். இவளுடையது புற்று. "முதல்லயே வந்திருக்கலாமேம்மா" என்றார் மருத்துவர். எவ்வளவு பரவியிருக்கிறது என்பது அறுத்த பிறகுதான் தெரியும். அறுவை வருகிற 11ஆம் தேதி.

நேற்று ஒப்புதல் படிவத்தைக் கணவரிடம் நீட்டினார்கள். 'மார்பக அறுவை சிகிச்சை' என்று அச்சிட்டிருந்தது. முதல் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். விட்டுப்போன 'ச்' ஒன்றைப் பேனாவால் சேர்த்தார். கையெழுத்திட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறகு, இதை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் உங்கள் குரல் இறங்கியது என்பதை மட்டும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்.