ஆண்பிள்ளை நோன்பு

ஆண்பிள்ளைகளும் வாய் திறந்து நியாயம் கேட்டே தீர வேண்டும் என்று ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நான் தீர்மானித்தேன். பக்கத்து வீட்டுக் குத்தாலிங்கம் பாயும் தலையணையுமாக என் வாசலில் வந்து நின்றதுதான் காரணம். அவரை அவர் வீட்டிலிருந்தே விரட்டியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. ஆடிச் செவ்வாயில் தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். கதவைச் சாத்துவார்கள். உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லிச் சாமி கும்பிடுவார்கள். ஆண்கள் அதைப் பார்க்கக் கூடாது. கதையைக் கேட்கக் கூடாது. கொழுக்கட்டையைத் தின்னக் கூடாது. தொட்டிலில் கிடக்கிற ஆண் குழந்தையைக்கூடத் தூக்கி அப்பன் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் இந்த நோன்பு குத்தாலிங்கத்தின் வீட்டில் நடக்கும்.

நான் தென்காசி ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தா. யார் வந்து கேட்டாலும் டிக்கெட்டைக் கொடுத்து உள்ளே விடுகிறவன். அடுத்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

கொழுக்கட்டைக்காக நான் ஏங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பில்லாத மாவு உருண்டைக்கு எவனாவது ஏங்குவானா? நான் ஏங்கியது ஒரு சிரிப்புக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை சிரிப்பிலும் என் மனைவி வடிவம்மாளின் சிரிப்பு தனியாகக் கேட்டது. கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எதிரில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. ஸ்டேஷனில் நடந்த வேடிக்கையை எல்லாம் சுமந்து வந்து சொல்வேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுது" என்று அடுக்களைக்குள் போய்விடுவாள்.

போன வருஷம் சாரலுக்கு வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். அங்கேயாவது பக்கத்தில் இருந்து கேட்கலாம் என்று ஆசை. அருவியிலும் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். தண்ணீர் இரைச்சலையும் மீறி அவள் சிரிப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒரு மெட்ராஸ்காரரின் எண்ணெய் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அதைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்லித்தான்வே இப்படிச் சிரிக்காளுவ?" என்று குத்தாலிங்கத்திடம் கேட்டேன்.

"அதக் கேக்கக் கூடாதுவே. கண்ணு அவிஞ்சு போயிரும்."

"யாருக்காவது போயிருக்கா?"

"எவனாவது கேட்டாத்தான போகும்?"

"இது அநியாயம்வே. ஊரே சுயராஜ்யம் கேக்குது. பொம்பளைக்கு உரிமை வேணும்னு குத்தாலத்துல மேடை போட்டுப் பேசுதாவ. ஆம்பளைக்கு யாரு பேசுதா?"

"நீரு பேசும். பேசினா நாளைக்கு உமக்குச் சோறு யாரு போடுவா?" என்று சொல்லிவிட்டு அவர் பாயை விரித்துப் படுத்துவிட்டார். ஆண் குலத்தின் பாரம் முழுவதும் என் ஒருவன் தலையில் விழுந்தது.

மறுநாள் வடிவு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தொண்டையைச் செருமினேன்.

"ஏட்டி வடிவு, ஒரு நியாயம் பேசணும்."

"பேசுங்க. கைதான் வேலையா இருக்கு. காது சும்மாதான் இருக்கு."

"நோன்புல ஆம்பளைய ஏன் சேக்க மாட்டேங்கிய?"

"அது வழக்கம்."

"ஆம்பளைன்னா அவ்வளவு இளக்காரமா?"

"யாரு சொன்னா? நாங்க நோன்பு இருக்கதே உங்களுக்காகத்தான."

"எனக்காகன்னா நான் ஏன் வெளிய நிக்கணும்?"

வடிவு நறுக்குவதை நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேள்வி சரிதான்" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதே கிடையாது. எனக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல் இருந்தது.

சாயங்காலமே பதில் வந்தது. "பக்கத்து வீட்டுச் சங்கரம்மா மதினிகிட்ட பேசிட்டேன். ஆம்பளையும் நோன்பு இருக்கலாம்னுட்டாவ. ஆனா நோன்புன்னா சிரிப்பு மட்டும் இல்ல. அரிசி இடிக்கணும். சலிக்கணும். தண்ணி எடுக்கணும். வீடு மெழுகணும். அன்னைக்குப் பூராவும் பல்லுல பச்சத் தண்ணி படக் கூடாது."

"அவ்வளவுதான?" என்றேன். உலக்கையைப் பிடித்தறியாதவன் அப்படித்தான் சொல்வான்.

அடுத்த செவ்வாய்க்கு லீவு போட்டேன். விடிந்ததும் முற்றத்தில் உரலுக்கு முன்னால் நின்றேன். இடித்தேன். மாவு தலையில் விழுந்தது. உலக்கை காலில் விழுந்தது. குத்தாலிங்கத்தின் மனைவி சங்கரம்மாள் வந்து மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது மாவு இல்ல, ஆத்து மணல். இன்னொரு தடவ இடிங்க."

இடித்தேன். மாவு பூவாக வந்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு பரவியது. எதிர்வீட்டுப் பாலம்மாள் தன் அரிசியையும் கொண்டுவந்து உரலில் கொட்டினாள். "உரிமைன்னா எல்லாருக்கும் பொதுவுல்லா அண்ணாச்சி!" என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் தெருவில் இருந்த பச்சரிசி முழுவதும் என் உரலுக்கு வந்து சேர்ந்தது. பசி காதை அடைத்தது.

ஒரு தடவை வடிவு வந்து என் நெற்றி மாவை முந்தானையால் துடைத்துவிட்டாள். "பாவம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு மூட்டை இடித்திருப்பேன்.

விளக்கு வைத்ததும் தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, அடுத்த வீட்டுப் படியில் கால் வைத்தேன். வடிவு வாசல்நிலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வாரிய?"

"நோன்புக்கு."

"உங்க நோன்பு நம்ம வீட்டுலல்லா?"

"என் நோன்பா?"

"பொம்பள நோன்ப ஆம்பள பாக்கக் கூடாது. அப்ப ஆம்பள நோன்ப பொம்பள பாக்கக் கூடாது. அதான சரிசமம்? பயப்படாதிய. நாங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டோம்."

நான் இடித்த மாவிலேயே ஒரு கிண்ணம் என் கையில் வைத்தாள். "உப்பு போட்டுராதிய" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் குத்தாலிங்கம் அடுப்புக்கு முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் நோன்பாம்வே. எல்லாம் உம்மால. காலையிலேருந்து பட்டினி."

சாரலில் விறகு ஈரம். ஊதி ஊதி அரைவேக்காட்டில் கொழுக்கட்டையை இறக்கினோம். அடுத்தது கதை சொல்ல வேண்டும். குத்தாலிங்கம் செத்துப்போன தன் காளையின் கதையைச் சொன்னார். பாதியிலேயே அழுதுவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தினேன். நோன்பு முடிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பியது. போன வாரத்தைவிடப் பெரிய சிரிப்பு. வேகாத கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அவள் என் முகத்தைப் பார்த்து இப்படிச் சிரித்துவிட்டால் போதும், உரிமையும் வேண்டாம் நியாயமும் வேண்டாம் என்று இருந்தது. இதை நான் எந்த மேடையில் போய்ச் சொல்ல?

காலையில் வடிவு வந்து பழைய சோறு வைத்தாள். கையெல்லாம் கொப்புளமாக இருந்ததால் என்னால் பிசைய முடியவில்லை. அவள் என் கையை இழுத்து வெண்ணெய் தடவினாள்.

"வடிவு, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அப்படி என்னத்தச் சொல்லிச் சிரிக்கிய?"

"ஆம்பளைக்குச் சொல்லக் கூடாது."

"கண்ணு போனாப் போகட்டும். சொல்லு."

கொப்புளத்தின் மேல் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வைத்தாள்.

"உங்க கதையத்தான்."

"என் கதையா?"

"சாமி கதை சீக்கிரம் முடிஞ்சிரும். பொறவு பூராவும் நீங்கதான். குத்தாலத்துல அந்த மெட்ராஸ்காரர் வேட்டிய உங்க வேட்டின்னு கட்டிட்டு வந்திய. அவரு ஈரத் துண்டோட நம்ம வண்டி பொறத்தாலயே ஓடிவந்தாருல்லா? அத இன்னும் கேக்காவ. நேத்து உலக்கை கதை."

"அதுக்குத்தான் என்ன உள்ள விடலையா?"

"நீங்களும் உள்ள வந்து உக்காந்துட்டா, நாங்க யாரச் சொல்லிச் சிரிக்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானை வாய்க்குப் போகவில்லை. அடுக்களைக்கும் ஓடவில்லை. என் கையைப் பிடித்தபடியே, என் முகத்தைப் பார்த்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆண் குலத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சும் அப்படியே பாக்கி இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கு வேண்டிய அரிசியைத் திங்கட்கிழமையே ஊறப் போட்டுவிட்டேன்.