இன்னும் ரெண்டே இன்ச்

மனிதர்களில் உயரமானவர்கள் உண்டு, குட்டையானவர்கள் உண்டு. டெக்சஸில் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. தன் உயரத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல், தன் பிக்கப் வண்டி என்கிற குட்டி லாரியின் உயரத்தை நினைத்தே சாப்பாடு இறங்காமல் தவிக்கிற வகை. அவருக்கு உயர்த்தியார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமையாகத்தான் நினைப்பார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார், இறங்குவார், பத்தடி நடப்பார், அப்புறம் நின்று திரும்பி வண்டியைப் பார்ப்பார். கல்யாணத்தன்று மணப்பெண்ணைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பிறகு திரும்பி வந்து டயரை ஓர் உதை உதைப்பார். ஏன்? அது அவருக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பார். கை தாராளமாக நுழையும். முகம் வாடிவிடும். அவருக்கு அங்கே தலை நுழைய வேண்டும்.

பின் ஓக் என்கிற எங்கள் ஊரின் உயர்த்தியார் வெர்லின் ஹட்ஸ்பெத். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உங்கள் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து சொல்வார். அவர் வண்டி போகிற இடங்கள் மூன்று: கடை, சர்ச், ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூ. மூன்றுக்கும் தார் ரோடு. இருந்தாலும், வண்டியை அச்சிலிருந்து தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் கிட் ஒன்றும், அதற்கேற்ற பெரிய டயர் நாலும் இல்லாமல் இனிமேல் உயிரோடிருக்க முடியாது என்ற முடிவுக்கு மார்ச் மாதத்திலேயே அவர் வந்துவிட்டார்.

"எதுக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி நெல்டா.

"பாதுகாப்புக்கு. ஓடையில வெள்ளம் வந்தா என்ன பண்ணுவே?"

"ஓடைக்கு மேல பாலம் கட்டி இருபது வருஷம் ஆச்சு வெர்லின்."

"பாலத்துக்கு மேல வந்தா?"

நெல்டா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

முதலில் அவர் கேட்டது இரண்டே இரண்டு இன்ச். இதை நீங்கள் நம்ப வேண்டும். உயர்த்தியார்கள் எல்லோருமே இரண்டு இன்ச்சில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதுவும் ரொம்ப அடக்கமாக, ஊர் பார்க்க ஆடுகிற ஆட்கள் மாதிரியெல்லாம் நமக்கு எதற்கு என்று சொல்லிக்கொண்டு. டயர் கடை கார்லன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ரெண்டு இன்ச்சா சார்? அதுக்கு லிஃப்ட் கிட் எதுக்கு? நல்ல பூட்ஸ் வாங்கிப் போட்டுக்குங்க, போதும்."

கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இரண்டு நாலாயிற்று. நாலு இன்ச் தூக்கினால் பழைய டயர் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தெரியும் என்றான் கார்லன், அதனால் முப்பத்தைந்து இன்ச் டயர் வேண்டும், முப்பத்தைந்து போடுகிற ஆள் முப்பத்தேழு போட்டவனைப் பார்த்து ஆயுசு முழுக்க ஏங்குவான், அதனால் நேராக முப்பத்தேழுக்கே போய்விடுவது நல்லது, ஆனால் முப்பத்தேழு மட்கார்டில் உரசும், அதனால் இன்னும் ரெண்டே இன்ச் தூக்கிவிட்டால் தொல்லை விட்டது. ஆக ஆறு. டயருக்காக உயரம், உயரத்துக்காக டயர். இரண்டுக்கும் நடுவே வெர்லின்.

அப்புறம் ஏழு வாரம் டயர் மேலுள்ள பள்ளங்களின் பூ வேலையைத் தேர்ந்தெடுப்பதில் போயிற்று. சேற்று டயரா, பாறை டயரா? சாப்பாட்டு மேஜையில் படங்களைப் பரப்பிவிட்டார். நெல்டா உருளைக்கிழங்கைப் படங்களுக்கு நடுவே வைத்தாள். மகள் டாசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல எதுப்பா சத்தம் கம்மியா வரும்?" என்று கேட்டாள்.

"சத்தம் வந்தாத்தாம்மா டயர்."

இந்த அவசரத்துக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் ஊரில் தர்ப்பூசணித் திருவிழா. ஊர்வலத்தில் தர்ப்பூசணி ராணி அமர்ந்து வருகிற டிரெய்லரை இழுக்கிற மரியாதைக்காக வெர்லின் பதினோரு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் கிடைத்தது. ஏனென்றால் இந்த வருஷ ராணி டாசி. அவருடைய ஒரே மகள். ஆகஸ்டில் காலேஜுக்காக வெளியூர் போகப்போகிறவள். அவளை ஊரே பார்க்கிற அந்த ஒரு நாளைத் தானும் கண் நிறையப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. உண்மையான ஆசைதான், அதைக் கேலி செய்ய மாட்டேன்.

"ராணிக்கு முன்னால சாதா வண்டி போகலாமா?" என்பது அவர் வாதம்.

வண்டி கார்லன் கடையிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? எழுந்தருளியது. வெர்லின் அதன் பக்கத்தில் நின்றபோது கதவின் கைப்பிடி அவர் மூக்குக்கு நேராக இருந்தது. ஷெட்டுக்குள் நுழையவில்லை; வாசலிலேயே நின்றது. எதிர்வீட்டு ஹோயட் வந்து பார்த்தார். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய பிக்கப் துருவின் தயவில் நின்றுகொண்டிருக்கிற ஒன்று.

"டிரெய்லரைக் கோத்துப் பாத்தியா?" என்றார் ஹோயட்.

"டிரெய்லர் கோக்கத் தெரியாதா எனக்கு? இது ஒரு விஷயமாப்பா?"

அரை மில்லிமீட்டர் மனிதர் முன்பக்கம் அளந்திருந்தார், பக்கவாட்டில் அளந்திருந்தார், கண்ணாடி வரைக்கும் அளந்திருந்தார். டிரெய்லர் மாட்டுகிற கொக்கி வண்டியோடு சேர்ந்து மேலே போயிருப்பதை மட்டும் அளக்கவில்லை.

சனிக்கிழமை காலை கொக்கிக்கு எட்டும்படி டிரெய்லரின் மூக்கை ஆறு பேர் தூக்கிப் பிடித்து மாட்டினார்கள். டிரெய்லர் வானத்தைப் பார்த்தது. வால் ரோட்டைத் தேய்த்தது. முன்னால் காகித வளைவுக்குக் கீழே சிம்மாசனம், நடுவில் கோபுரமாக அடுக்கிய இருநூறு தர்ப்பூசணி, பின்னால் வைக்கோல் கட்டுகள்.

"அப்பா, சாய்வா இருக்கு," என்றாள் டாசி, சிம்மாசனத்தின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு.

"சாய்வா இருந்தாத்தாம்மா பின்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியும்."

வெர்லின் ஏணிப்படி மாதிரி இரண்டு மிதிகளில் ஏறி, ஓட்டுகிற ஆசனத்தில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. சேற்று டயர்கள் தார் ரோட்டில் தேனீக்கூட்டம் போல இரைந்தன.

முதல் தர்ப்பூசணி அஞ்சலாபீஸ் வாசலில் கிளம்பியது. டிரெய்லருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பேண்டு. தூபா என்கிற ராட்சதக் குழலை ஊதுகிறவன் ஒன்றைத் தாண்டினான், இரண்டைத் தாண்டினான், மூன்றாவதில் உட்கார்ந்தான். அப்புறம் வைக்கோல் கட்டுகளையும் ரோட்டில் தள்ளிக்கொண்டு கோபுரமே புறப்பட்டது. பேண்டு இரண்டாகப் பிளந்து நடைபாதையில் ஏறியது; மத்தளக்காரன் மட்டும் கடமை தவறாமல் அடித்துக்கொண்டே குதித்தான். அதற்குப் பிறகு சிம்மாசனம். ராணி கையை எப்படி அசைக்க வேண்டும் என்று டாசிக்கு மூன்று வாரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவள் நல்ல பிள்ளை, கிரீடம் மூக்கில் இறங்க, அதே மாதிரி அசைத்துக்கொண்டே பின்பக்கமாக வழுக்கிப்போய், ரோட்டில் கிடந்த வைக்கோலில் மெத்தென்று விழுந்தாள். ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

வெர்லினுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அத்தனை உயரத்திலிருந்து பக்கக் கண்ணாடியில் தெரிந்தது காகித வளைவின் உச்சியும் கொஞ்சம் ஆகாயமும்தான். கைதட்டல் கேட்டது. தன் வண்டிக்குத்தான் என்று நினைத்தார். ஜன்னலை இறக்கி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பேங்க் முனை வரைக்கும், காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு, ஊருக்கே கை காட்டியபடி அவர் போனார்.

முனையில் திரும்பினார். முப்பத்தேழு இன்ச் டயர் மட்கார்டில் கர்ரென்று உரசியது. நிறுத்தி இறங்கினார். இறங்க நேரமாயிற்று. தரையில் கால் வைத்துத் திரும்பியபோது ஹோயட்டின் துருப்பிடித்த பிக்கப் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு ஊர்வலத்தின் கடைசியில் வந்த வண்டி. பின்தட்டியைக் கீழே மடக்கிப்போட்டு அதன் மேல் ராணி உட்கார்ந்திருந்தாள். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் குழந்தைகள் ஓடிவந்து அவளுடைய கையைத் தொட்டார்கள். மடியில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு தர்ப்பூசணி.

"கத்தினேம்ப்பா," என்றாள் டாசி, வண்டி நகர நகர. "உனக்குக் கேக்கல. டயர் சத்தம்."

நடைபாதையில் நின்ற நெல்டா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "உம் பொண்ணு ராணியா போனதை ஊரே பாத்துச்சு வெர்லின். நீ ஒருத்தன்தான் பாக்கல."

வெர்லினுக்குக் காது சுட்டது. எல்லோருக்கும் எதிரில் அழுதுவிடுவோமோ என்று பயந்து டயரை ஓர் உதை உதைத்தார்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உயர்த்தியாரை உங்களுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை ஹோயட் வேலிப் பக்கம் வந்து, "கீழ தொங்குற மாதிரி ஒரு கொக்கி இருக்குப்பா, மாட்டினா ஆறு இன்ச் இறங்கிடும், பத்து நிமிஷ வேலை," என்றார்.

"இறக்குறதா?" என்றார் வெர்லின். வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவர் முதல் தடவையாகச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் சரியாக வரவில்லை.

மத்தியானம் கார்லன் கடையில் அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கையில் அளவு நாடா.

"யோசிச்சுப் பாத்தேன் கார்லன். வண்டி மேல தப்பே இல்ல. டிரெய்லர்தான் ரொம்பக் குட்டை. அதை எத்தனை இன்ச் தூக்கலாம்?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். டெக்சஸ்காரனுக்குக் கிறுக்கு, நமக்கு அதெல்லாம் இல்லை. போன தீபாவளிக்கு வாங்கிய டிவி அலமாரியில் அடங்கவில்லை என்றதும் டிவியையா திருப்பிக் கொடுத்தீர்கள்? அலமாரியை எடுத்துவிட்டு, அதற்காக சோபாவைத் தள்ளி, சோபாவுக்காக இப்போது நடுச்சுவரை இடிக்கலாமா என்று கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருப்பது யார்? இன்னும் ரெண்டே அடிதான் என்று நீங்கள் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக் காது கொடுங்கள். வீட்டுக்குள்ளேயிருந்து ரொம்ப நேரமாக யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள்.