இன்னொரு தபா

உத்திரமேரூர் வட்டாரத்தில் எந்த விசேஷமும் ஒரே ஒரு முறை நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. காது குத்து, மஞ்சள் நீராட்டு, கிருகப்பிரவேசம், கல்யாணம் எதுவானாலும் குறைந்தது இரண்டு முறை நடக்கும். முதல் முறை சாமிக்கு. இரண்டாம் முறை தபாவுக்கு.

தபா எங்கள் ஊர் வீடியோக்காரர். அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஸ்டுடியோ போர்டில் அம்மன் பெயர்தான் இருக்கிறது. ஒருமுறை அவருக்கு கூரியர் வந்தபோது, கடைத்தெரு முழுக்க விசாரித்துவிட்டு அந்தப் பெயரில் ஆளே இல்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூரியர்காரருக்கு வழி சொன்னவர்களில் தபாவும் ஒருவர் என்று கேள்வி. “இன்னொரு தபா” என்று அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று கணக்கு எடுக்க முடியாது. அதனால் ஊரே சேர்ந்து வைத்த பெயர் அது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே “தபாகிட்ட சொல்லியாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

ஆள் ஒல்லி. முடிக்கு அடித்த மை நெற்றியிலும் கொஞ்சம் இருக்கும். எந்த வெயிலிலும் நிறையப் பாக்கெட் வைத்த கறுப்புக் கோட்டு. ஊக்கு, கற்பூரம், தலைவலித் தைலம் எல்லாம் அதில் இருக்கும். தாலியைத் தவிர கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய், முதல் முறையாக லீவில் வந்தது அக்கா பையன் காது குத்துக்கு. நான்தான் தாய்மாமன். கார் வாசலில் நின்றது. அம்மா ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“சார், அது வரல. லைட்டு பின்னாடியிருந்து அடிக்குது. பெட்டிய எடுத்துக்கினு கார்ல ஏறிக் குந்துங்க. இன்னொரு தபா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேமராவைப் பிடுங்கிப் பாலாற்றில் போட்டிருப்பேன். ஆனால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமர்த்தாக உள்ளே போய்விட்டாள். நானும் போய்க் காரில் உட்கார்ந்தேன். இரண்டாவது முறை அம்மாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை, தூணுக்குப் பின்னால் நின்றிருந்த நைனாவையும் இழுத்துக்கொண்டு வந்து, “நீங்களும் புள்ளைய கட்டிப் புடிங்க” என்றார் தபா. எங்கள் நைனா அந்த மாதிரி ஆளே இல்லை. நான் பத்தாவதில் பாஸ் ஆனபோது தலையை ஆட்டினார், மஸ்கட் கிளம்பும்போது இன்னொரு முறை ஆட்டினார், அவ்வளவுதான். கேமராவுக்கு முன்னால் வேறு வழியில்லாமல் என்னைக் கட்டிப்பிடித்தார். சட்டையில் வைக்கோல் வாசனை அடித்தது. தபா கட் சொல்ல ரொம்ப நேரம் ஆனது. நைனா என்னைக் கட்டிப்பிடித்தது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான்.

மறுநாள் குழந்தையை என் மடியில் வைத்துப் பத்தர் இரண்டு காதும் குத்தினார். பையன் ஊரைக் கூட்டிவிட்டான். அழுது முடிந்து, வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, அவன் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் தபா கேமராவில் கார்டு போடவில்லை என்று கண்டுபிடித்தார். இன்னொரு தபா என்றார். மூன்றாவது காது எங்கே இருக்கிறது என்று பத்தர் கேட்டார். ஊசியைச் சும்மா காதுக்குப் பக்கத்தில் காட்டினால் போதும், ஆனால் குழந்தை அழ வேண்டும், தாய்மாமன் லேசாகத் தொடையில் கிள்ளட்டும் என்பது தபாவின் யோசனை. நான் மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பிள்ளைக்கு வலிக்குமே என்று அழுது மூக்கைச் சிந்தின எங்கள் அக்கா, குனிந்து நறுக்கென்று கிள்ளினாள். வீடியோ பிரமாதமாக வந்திருக்கிறது.

அடுத்து வந்தது குமரேசன் வீட்டு கிருகப்பிரவேசத்துக்கு. குமரேசன் மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். மானாம்பதியில் வீடு கட்டியிருந்தான். தரை முழுக்க வழவழவென்று டைல்ஸ். விடியற்காலையில் பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும் அல்லவா? போயின. கன்று ஃப்ரேமில் வரவில்லை என்று தபா இரண்டையும் வெளியே வரவழைத்தார். வெளியே வந்த பசு மறுபடி உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளி ஒருவழியாக ஏற்றினார்கள். டைல்ஸின் குளிர்ச்சி அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, நடு ஹாலில் படுத்துக்கொண்டு அசைபோட ஆரம்பித்தது. எழுப்ப முடியவில்லை. விருந்தாளிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் பரிசு கொடுத்தார்கள். மாடுகள் வழக்கமாகச் செய்யும் காரியத்தையும் அது அங்கேயே செய்தது. மகாலட்சுமி என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, தபா அதையும் இன்னொரு தபா கேட்டார். மாடு ஒத்துழைத்தது.

ஆகவே, என் தங்கை ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நான் போனில் சொன்ன முதல் விஷயம், யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், தபா மட்டும் வேண்டாம் என்பதுதான். காஞ்சிபுரத்திலிருந்து நல்ல ஆளாக நானே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அம்மா கேட்கவே இல்லை. அவன் இல்லாமல் எடுத்தால் கல்யாணம் நடந்த மாதிரியே இருக்காது என்று சொல்லிவிட்டாள். ரேவதிக்கு வேறு கவலை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், தாலி கட்டினதும் பெண்ணின் இரண்டு கையிலும் அவள் கூடப்பிறந்தவன் பொரியை அள்ளி வைப்பான், அவள் அதை ஓமத்தில் போடுவாள்.

“நீ வந்து பொரி போடலன்னா, நான் கையே நீட்ட மாட்டேன். அப்பால என்னைச் சொல்லாத” என்றாள்.

நீந்தியாவது வந்துவிடுவேன் என்றேன். நீந்தியே வந்திருக்கலாம். முதல் நாள் மத்தியானம் கிளம்ப வேண்டிய விமானத்தில் ஏதோ கோளாறு. இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று நடு ராத்திரி வரைக்கும் எங்களை உட்கார வைத்தார்கள். அதற்குள் ஊரில் ரிசப்ஷன் முடிந்துவிட்டது. நான் மீனம்பாக்கத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. முகூர்த்தம் காலை ஏழரைக்குள். லோகுவுக்குப் போன் போட்டேன். லோகு என் சித்தப்பா மகன். மேளச் சத்தத்தில் அவன் பேசியதில் ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. நேரம் தப்பினால் லோகுவே பொரி போடட்டும் என்று நைனா முடிவு செய்துவிட்டாராம். எனக்காக எடுத்த பட்டு வேட்டியை அவனுக்குக் கட்டிவிட்டிருக்கிறார்களாம்.

புக்கத்துறையில் திரும்பி உத்திரமேரூர் ரோட்டில் பறந்தோம். ஊர் எட்டிப் பார்க்கிற தூரத்தில், ரோட்டின் இரண்டு பக்கமும் தொங்கத் தொங்க வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். வைக்கோலுக்குக் காது கேட்கவில்லை. நான் தலையை வெளியே நீட்டிக் கத்தும்போது மேலே ஒரு இரைச்சல். பார்த்தால் தபாவின் டிரோன். அந்த டிரோன் எனக்குத் தெரியும், ஒரு காது குத்தில் காக்கைகள் துரத்தி அதன் ஒரு காலை ஒடித்திருந்தன. எங்கள் காருக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் பறந்தது. தங்கை கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் இந்த மனுஷர் வைக்கோல் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாரே என்று, டிரைவர் இருப்பதையும் மறந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்த நேரத்தில் மண்டபத்தில் நடந்ததை லோகு பிறகு எனக்கு நடித்தே காட்டினான். தேங்காய் மேல் வைத்த தாலியைத் தட்டில் ஏந்திக்கொண்டு, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்யச் சபை முழுக்கக் கொண்டுபோனார்கள். ஒரு சுற்று முடிந்து தட்டு மணமேடைக்கு வந்தது. முன் வரிசைக்காரர்களின் கை மறைத்துவிட்டது, இன்னொரு தபா என்றார் தபா. தட்டு மறுபடி போனது. பின் வரிசை இருட்டாக இருக்கிறது, இன்னொரு தபா என்றார். மூன்றாவது சுற்றில் ஆசீர்வாதம் செய்தவர்களே திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போய், ஒரு தாத்தா தட்டில் இருந்த அட்சதையைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாராம். தட்டு சுற்றுகிற நேரமெல்லாம் தபா வாசலுக்கு ஓடி டிரோனை விடுவதும், திரும்பி வருவதுமாக இருந்திருக்கிறார்.

ஐயருக்கு ஏனாத்தூரில் இன்னொரு முகூர்த்தம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு “கெட்டி மேளம்” என்று கையைத் தூக்கியபோது, தபா குறுக்கே வந்து நின்று, கேமராவில் பேட்டரி போய்விட்டது என்றார். நைனாவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“நீயும் வேணாம், உன் படமும் வேணாம். மாப்ள, நீ கட்டு.”

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. அவர்கள் சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் சாப்பிடாமல் உட்கார்ந்து இந்தக் கேமரா வழியாகத்தான் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பேட்டரி போடாமல் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து தபாவைத் திட்டினார்கள். சம்பந்திகள் ஒற்றுமையாகப் பேசிய முதல் விஷயம் அதுதான். தபா ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவினார். தைலம் வந்தது, ஊக்கு வந்தது, கற்பூரம் வந்தது. பேட்டரி மட்டும் வரவில்லை.

நான் மண்டப வாசலில் பெட்டியோடு காரிலிருந்து குதித்தேன். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். விமானத்தில் கழுத்தில் மாட்டிய தலையணையைக் கழற்ற மறந்து அப்படியே ஓடினேன். வாசலில், வாழை மரத்துக்குப் பக்கத்தில் தபா நின்றிருந்தார். தோளில் கேமரா. அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னாலிருந்து அம்மா ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்தாள். விம்மி விம்மி அழுதாள்.

பழக்க தோஷம். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிக் காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

“எங்க சார் போறீங்க?” என்றார் தபா. “அதெல்லாம் வந்துச்சு. உள்ள போங்க.”

உள்ளே ஓடினேன். தாலி ஏறியது. லோகு பொரித் தட்டை என்னிடம் நீட்டினான், நைனா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரேவதி இரண்டு கையையும் நீட்டினாள். நான் அவசரமாக அள்ளி வைத்தேன். பாதிப் பொரி கீழே கொட்டியது. “கழுத்துல இன்னாண்ணா அது?” என்று அழுதுகொண்டே சிரித்தாள். எல்லாப் போட்டோவிலும் நான் தலையணையோடுதான் இருக்கிறேன். அதற்கும் தபா இன்னொரு தபா கேட்கவில்லை.

பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேட்டரி எப்போது கிடைத்தது என்று கேட்டேன். அவர் வடையைப் பிட்டுக்கொண்டே, அது எங்கேயும் போகவில்லையே, கேமராவிலேயேதானே இருந்தது என்றார். பிறகு ஏன் அத்தனை பேரிடம் திட்டு வாங்கினீர்கள் என்றேன். அவர் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“உங்க அம்மா மேடையில நின்னுக்கினு வாசலையே பாத்துக்கினு கீறாங்க. எந்தப் பக்கம் வெச்சாலும் மூஞ்சி வரல. அந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் இன்னா கல்யாணம் எடுக்கறது சார்?”

அவ்வளவுதான். அப்புறம் பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லிவிட்டு, பரிமாறினவர் ஊற்றியது சரியில்லை என்று இன்னொரு தபா கேட்டார்.

இப்போதெல்லாம் விசேஷம் எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்துவிடுகிறேன். வாசலில் கார் நிற்கிறது, அம்மா வந்து கன்னத்தைப் பிடிக்கிறாள், நைனா தலையை ஆட்டுகிறார், பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன். பெட்டியை வைத்ததும் நேராகத் தபாவின் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு டீ சொல்லி உட்கார்ந்துகொள்கிறேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் வாசலில் நிற்காவிட்டால் எல்லாம் ஒரே தடவையில் முடிந்துபோகிறது. எனக்கு அது போதவில்லை.