எட்கருக்கு ஜோடி கிடைக்கவில்லை

“முழங்கால் மடங்கவே மாட்டேங்குது எட்கரு,” என்றார் ஹைன்ரிக் வீபே போனில். “இன்னைக்குச் சாயங்காலம் என்னை வேற யார்கூடயாவது போட்டுடேன்.”

எட்கர் தீசன் சபை அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார். பெரிய வியாழன். மணி மூன்றரை. ஏழு மணிக்குப் பாதம் கழுவும் ஆராதனை; ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் காலை மற்றவர் கழுவ வேண்டும். ஆண்கள் பதினெட்டுப் பேரை ஒன்பது ஜோடியாகப் பிரித்து, ஹைன்ரிக்கைத் தமக்கு வைத்துக்கொண்டு, இப்போதுதான் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருந்தார். பசைகூடக் காயவில்லை.

“முழங்கால் வலிக்கும் வேற ஆளுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார்.

“உனக்கும் அறுபத்தாறு ஆச்சு. எனக்கு எழுபத்தெட்டு. கீழே உக்காந்தா ரெண்டு பேரை யாரு தூக்கி விடுறது? இளவட்டமா ஒருத்தனைக் குடு. அந்த கம்சாய் இருக்கானே, அவன் நல்ல பையன்.”

கம்சாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. இருந்தாலும் எட்கர் வாதாடவில்லை. எங்கள் சபையில் யாரும் யாரிடமும் வாதாடுவதில்லை. சண்டை கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியதில், ‘முடியாது’ என்ற சொல்லே நாக்கில் வராமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக எங்களுக்கு முழங்கால் வலிக்கும்.

கம்சாய்க்கு ஜோடியாக இருந்தவர் காங்கோக்காரர் பாஸ்கால் முகெண்டி. சரி, ஹைன்ரிக்குக்கு கம்சாய், எனக்கு முகெண்டி என்று எட்கர் பென்சிலால் மாற்றினார். மாற்றுவது சுலபம். ஆனால் பட்டியல் நான்கு மொழியில் தொங்கியது. ஆங்கிலப் பட்டியல் எட்கர் பொறுப்பு. ஜெர்மன் ஹைன்ரிக் எழுதுவார், பிரெஞ்சு முகெண்டி, லாவோ கம்சாய். ஒரு வரியை மாற்ற மூன்று பேருக்குப் போன் செய்ய வேண்டும்.

எங்கள் சபையில் எந்த அறிவிப்பும் நான்கு மொழியிலும் ஒன்றுபோல் போய்ச் சேர்ந்ததே கிடையாது. போன அறுவடை விருந்துக்கு ஜெர்மன்காரர்கள் ஒரு வாரம் முன்னதாக வந்து பூட்டிய கதவின் முன்னால் பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் வந்தார்கள். லாவோஸ் குடும்பங்கள் சரியான நேரத்துக்கு நூறு பேருக்குச் சோறு கொண்டுவந்தன. ஆங்கிலக்காரர்கள் விருந்து ரத்து என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

பதினோரு வருஷமாக ஆராதனைக் கமிட்டித் தலைவர், ஆராதனையில் உட்காராமல் சாவியும் கையுமாக ஓடுகிறவர், எட்கர்தான். அதற்கு முன் வின்னிபெக் நகரப் பேருந்துகளுக்கு நேரம் வகுத்தவர். முந்நூறு பேருந்தைச் சமாளித்தவர் இந்தப் பதினெட்டு ஜோடிக் காலிடம் தோற்றுப்போனார்.

கதவைத் தட்டாமல் மனைவி லியோனா உள்ளே வந்து, மேஜையில் ஒரு பன்னும் பாலாடைக்கட்டியும் வைத்தாள்.

“மத்தியானம் சாப்பிடல நீ.”

“மறந்துட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். ஞாபகம் இருக்கா? இல்ல அதுவும் மறந்துடுச்சா?”

“இருக்கு, இருக்கு.”

“மூணாவது பெஞ்சுல என் பக்கத்துல பதினோரு வருஷமா என் கோட்டுதான் உக்காந்திருக்கு. இந்த ஈஸ்டருக்காவது நீ வருவேன்னு சொன்னே.”

“வருவேன். இந்தப் பொறுப்பையும் சாவிக்கொத்தையும் இன்னைக்கே யார்கிட்டயாவது குடுத்துடுவேன்.”

“யார்கிட்ட? நாலு மாசமா நாலு பாஷையில அறிவிச்சுப் பார்த்தாச்சு. ஒரு ஈ எறும்பு வந்துச்சா?”

எட்கர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். பதினான்கு சாவிகளும் இருந்தன.

“இன்னைக்கு நடக்கும். பாரேன்,” என்றார்.

லியோனா பெருமூச்சு விட்டுவிட்டுப் பெண்கள் அறைக்குத் துண்டு மடிக்கப் போனாள். அவள் முதுகைப் பார்க்கையில் எட்கருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாடுவதைக் கேட்டே எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் குரல் இப்போது எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

நாலரை மணிக்கு முகெண்டி நேரில் வந்தார். கோட்டு, டை, கையில் தொப்பி.

“எட்கர் அப்பா, உங்ககிட்ட ஒரு மனத்தாங்கல்.” அவர்கள் ஊர் வழக்கப்படி மூத்தவர்கள் எல்லோரும் அப்பாதான்.

“சொல்லுங்க பாஸ்கால்.”

“பட்டியல்ல உங்களுக்கு என்னைப் போட்டிருக்கீங்க. பெரிய மரியாதை. ஆனா அப்பா குனிஞ்சு மகன் காலைக் கழுவுறதா? எங்க ஊர் கசாய் பக்கம் கேள்விப்பட்டா என்னைக் குடும்பத்தை விட்டே தள்ளி வெச்சிடுவாங்க.”

“இந்தச் சடங்கே அதுக்குத்தானே? பெரியவன் சின்னவன்னு பார்க்கக் கூடாதுன்னுதானே ஆண்டவரே குனிஞ்சு கழுவினாரு?”

“ஆண்டவர் பண்ணினா சரி. நீங்க பண்ணினா எனக்கு வெக்கமா இருக்கு.”

முகெண்டியை ஹைன்ரிக்கிடம் தள்ளிவிட்டு, எட்கர் கம்சாயைத் தமக்கு எடுத்துக்கொண்டார். மறுபடி மூன்று போன். ஹைன்ரிக் எடுக்கவில்லை. முகெண்டி எதிரிலேயே நின்று, “நானே போய் மாத்திடுறேன்,” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே வெளியேறினார்.

எட்கர் பன்னைக் கடித்தார். அலுப்பாக இருந்தாலும் நம்பிக்கை போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இந்த வியாழன் ஆராதனையில் ஏதோ ஒரு மகிமை இருக்கிறது என்பது அவர் எண்ணம். மேடையில் நின்று மாதக்கணக்கில் கெஞ்சியும் கிடைக்காத ஆள், கால் கழுவும் பேசின் முன்னால் மூன்றே நிமிஷத்தில் கிடைப்பான். பாத்திரம் கழுவும் பொறுப்புக்கு ஆள் வந்தது இங்கேதான். சிறுவர் வகுப்பும் அப்படித்தான். மாடியில் ஒழுகும் இடங்களில் வாளி வைக்கிற வேலைக்குக்கூட ஒருவர் தலையசைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் பட்டதும் மனசு இளகிவிடுகிறது போலும்.

ஆறரைக்கு கம்சாய் நொண்டிக்கொண்டு வந்தார். வலது காலில் கணுக்கால்வரை வெள்ளைக் கட்டு.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. சமையல்கட்டுல கொதி எண்ணெய். தண்ணியே படக் கூடாதாம்.”

“ஐயோ! டாக்டரைப் பார்த்தீங்களா?”

“டாக்டர்தாண்ணே சொன்னாரு. இன்னைக்கு நான் சும்மா ஓரமா உக்காந்து ஜெபம் பண்றேன். நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க.”

எட்கருக்கு ஜோடி இல்லை. வேறு யாரையாவது பிரிக்கலாம் என்று பட்டியலைப் பார்க்கப் போனார். சுவரில் நான்கு பட்டியல், நான்கு கதை. ஜெர்மன் பட்டியலில் ஹைன்ரிக்கின் ஜோடி கம்சாய். பிரெஞ்சில் முகெண்டி. லாவோ பட்டியலை அவரால் படிக்க முடியாது, ஆனால் அதில் ஒரு வரிமேல் வெள்ளை மை தடித்திருந்தது. அவருடைய ஆங்கிலப் பட்டியல் முதலில் ஒட்டியபடியே இருந்தது. அதை மாற்றத்தான் மறந்துவிட்டார்.

சரி செய்யலாம் என்று ஆங்கிலப் பட்டியலைக் கிழித்தபோது பக்கத்துப் பட்டியலும் சேர்ந்து வந்துவிட்டது.

“இப்ப எதைப் பார்த்து உக்கார்றது?” என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

“எதையும் பார்க்க வேணாம். அவங்கவங்களுக்கு ஏத்த ஆளாப் பார்த்து உக்காந்துக்குங்க,” என்றார் எட்கர்.

அவர் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். கீழ்த்தளக் கூடத்தில் பனிக்கால பூட்ஸ்கள் மூலைக்கு மூலை பறந்தன. அந்தக் கூட்டம் அவ்வளவு சுறுசுறுப்பாக எதையும் செய்து அவர் பார்த்ததில்லை. பாஸ்டர் ரைமர் முதல் ஜெபத்தை நான்கு மொழியில் முடிப்பதற்குள் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று.

எட்கர் கதவோரத்தில் கடைசி பேசினுக்குப் பின்னால் நின்றார். எதிரே ஒரு காலி நாற்காலி.

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மடங்காத முழங்காலோடு ஹைன்ரிக், ஒரு சத்தமும் இல்லாமல் மடங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கழுவிக்கொண்டிருந்தது முகெண்டியின் காலை. மூத்தவர் கை பட்டால் வெட்கப்படும் முகெண்டி கண்ணை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், அடுத்த முறைக்காகக் காத்திருந்தவர் கம்சாய். கட்டு அவிழ்த்துச் சுருட்டி மடியில் இருந்தது. வலது கால் பளிச்சென்று இருந்தது, ஒரு கொப்புளம் இல்லை.

கம்சாய் நிமிர்ந்தார். எட்கர் பார்ப்பதைக் கண்டதும் துண்டை எடுத்துக் காலை மூடிக்கொண்டார்.

எட்கருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நான் என்ன செய்தேன் இவர்களுக்கு என்று மட்டும் தோன்றியது. பதினோரு வருஷம் இவர்களுக்காகக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நான்கு மொழியில் ஜெராக்ஸ் எடுத்து, கடைசியில் காலை நீட்ட ஒரு மனுஷன் இல்லை. பாக்கெட்டில் சாவிக்கொத்து கனத்தது. ஞாயிற்றுக்கிழமை லியோனாவின் பக்கத்தில் மறுபடியும் கோட்டுதான் உட்காரப் போகிறது. பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் இரண்டு பூட்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வந்தார். எவெலியோ. கொலம்பியாவிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. எங்கள் நான்கு மொழியில் ஆங்கிலம் மட்டும் அரைகுறையாகத் தெரியும். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எட்கருக்கு, இனி ஐந்தாவது மொழியிலும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமே என்ற பயம்தான் முதலில் வரும்.

விருந்தாளி என்பதால் எட்கர் அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் எவெலியோ தட்டுகளை அடுக்கத் தொடங்கியபோது, ஓடிப்போய்க் கையிலிருந்து பிடுங்கி, “நீங்க உக்காருங்க, நீங்க விருந்தாளி,” என்று உட்காரவைத்தவரும் எட்கர்தான். அதற்கு முந்தின ஞாயிறு நாற்காலி மடிக்க வந்தபோதும் அப்படியே.

“இங்க ஆள் இருக்கா?” என்று எவெலியோ காலி நாற்காலியைக் காட்டினார்.

“இல்ல. ஆனா நீங்க சிரமப்பட வேண்டாம். சும்மா வேடிக்கை பாருங்க.”

“ஆறு வாரமாப் பார்த்தாச்சு,” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

எட்கர் மெதுவாகக் குனிந்து மண்டியிட்டார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. எவெலியோவின் வலது காலை இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீருக்குள் வைத்தார். வழக்கம்போல் மூன்று முறை தண்ணீரை அள்ளி விட்டார். பிறகு, வழக்கம்போல், காலை விடாமல் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சகோதரரே, நம்ம சபையில ஒரு சின்ன...” என்று ஆரம்பித்தார்.

எவெலியோ குனிந்து, அதே தாழ்ந்த குரலில் சொன்னார்:

“தெரியும் ஐயா, அவர் கையில மட்டும் காலைக் குடுத்துடாதே, ஒரு வேலையைத் தலையில கட்டாம விடமாட்டாருன்னு நாலு பாஷைக்காரங்களும் தனித்தனியா வந்து சொல்லிட்டுப் போனாங்க, இந்தச் சபையில ஆறு வாரமா எனக்கு யாருமே ஒரு வேலை தரலைன்னுதான் உங்ககிட்ட வந்தேன், சாவியைக் குடுங்க.”