சிறுகிழங்குப் பொரியல் மிஞ்சிய பொங்கல்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் நட்ட பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், செண்பகம் என்ற கரடி பெரிய குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வாழ்க்கைப்பட்டிருந்தது.

பொங்கல் வந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சிறுகிழங்குப் பொரியல் இல்லாமல் சோறு இறங்காது. கிழங்கைத் தோண்டி, ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தரையில் அடித்துத் தோலுரித்து, நகமெல்லாம் கறுக்கச் சமைப்பது செண்பகம். இருபத்திரண்டு பேரும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற பிறகு, கடைசியில் இலை போட்டு உட்காருவதும் செண்பகம். அதற்குள் சட்டி காலியாகியிருக்கும். கல்யாணமாகிப் பதினோரு பொங்கல் ஆயிற்று. தான் செய்த பொரியலை அது தின்றதே இல்லை. படையலுக்கு முன்னால் உப்புப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

இந்த வருஷம் எப்படியும் தின்றே தீருவது என்று முடிவு கட்டியது. போகியன்று காலையில் போனில் மகளிர் குழுவுக்கு ஒரு செய்தியைத் தட்டிவிட்டது: 'சர்க்கரைப் பொங்கலும் சிறுகிழங்கும் ஒரே நாளில் சாப்பிட்டால் ரோமம் கொட்டும். அனைவருக்கும் பகிரவும்.'

மத்தியானத்துக்குள் அது மாமனார் வழியாகக் குடும்பக் குழுவுக்கே வந்து சேர்ந்தது.

"அப்ப செய்யாம விட்டுரவா அத்தை?" என்று ஒன்றும் தெரியாததுபோலக் கேட்டது செண்பகம்.

"படையலுக்கு வைக்காம இருக்க முடியுமாட்டி? எப்பவும் போல ஆக்கு. திங்கத்தான் வேண்டாம்" என்றது மாமியார்.

பொங்கலன்று பந்தியில் ஒருவரும் அதைத் தொடவில்லை. கொழுந்தன் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டது. "வேண்டாம் மதினி. பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. இந்த நேரத்துல சொட்டை விழுந்தா யாரு குடுப்பா?"

சிரிப்பை அடக்குவதே செண்பகத்துக்குப் பெரும்பாடாகிவிட்டது. எல்லோரும் எழுந்த பின், நிறைந்த சட்டியோடு உட்கார்ந்தது. முதல் கிழங்கை வாயருகே கொண்டுபோனபோது போன் ஒலித்தது. அதே செய்தி. இப்போது வெள்ளைக்கோட்டு போட்ட ஆந்தை டாக்டரின் படமும், மொட்டைக் கரடி ஒன்றின் படமும் சேர்ந்திருந்தன. ஒன்பது குழுக்களிலிருந்து வந்திருந்தது.

'நாமதான எழுதினோம்' என்று நினைத்தது. 'ஆனா டாக்டரே சொல்லுதாரே. தெரியாமலே உண்மையைச் சொல்லிட்டோமோ?' கழுத்தைத் தடவிப் பார்த்தது. கையோடு மூன்று முடி வந்தது.

அதற்கு அழுகை வந்துவிட்டது. கிழங்கைச் சட்டியிலேயே போட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், போன் வாங்க வசதியில்லாத காட்டுப்பன்றியிடம் கொடுத்தது. பன்றி வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று கேட்டது.

நீதி: வதந்தி கிளப்பலாம், தப்பில்லை. அது திரும்பி வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.