சுல்தானின் வலது தோள்

குதிரை மூன்று காலில் நின்றது. நான்காவதான வலது முன்னங்காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு பிரடெரிக்கைப் பார்த்தது. பிரடெரிக் குதிரையைப் பார்த்தான். அடுத்து என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் ஊர்க் கோயிலில் சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. பாட்டு, மணி, ஒரே ஒரு அதிர்வெடி என்று எல்லாம் முறைப்படி முடிந்தன. கொடிமரத்தருகே நெஞ்சை நிமிர்த்தி நின்ற சுல்தான், வீட்டுக்குத் திரும்பும் வழியில் தலையை ஆட்டி ஆட்டி நொண்டியது. வாசலுக்கு வந்ததும் இனி ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"போகும்போது நல்லாத்தானங்க போச்சு?" என்றாள் அவன் மனைவி ரெஜினா.

"நல்லாத்தான் போச்சு" என்றான் பிரடெரிக்.

தங்கச்சிமடத்தை ஒட்டிய அந்த ஊரில் குதிரை வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். ஆசைப்பட்டு வாங்கியதல்ல. போன ஐப்பசியில் வள்ளம் கவிழ்ந்து, ஐஸ் பெட்டியின் மூடியைக் கட்டிப்பிடித்தபடி பதினோரு மணி நேரம் கடலில் மிதந்தான். செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் தெரிந்த புனிதர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். ஒருவரும் வரவில்லை. கடைசியாகக் குதிரைமேல் வரும் சந்தியாகப்பரைக் கூப்பிட்டு, கரை சேர்த்துவிட்டால் அடுத்த திருவிழாப் பவனிக்கு முன்னால் உயிருள்ள குதிரையை நடத்தி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டான். அரை மணி நேரத்தில் ஒரு விசைப்படகு வந்தது.

நேர்ச்சையை முடிக்காதவனைக் கடல் இன்னொரு தடவை விட்டுவைக்காது என்று ரெஜினா நம்பினாள். பிரடெரிக் அவளைவிடத் தீவிரமாக நம்பினான். ஒன்பது மாதமாக அவன் கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்கவில்லை. அவள் நண்டுக் கம்பெனிக்குப் போய் வந்ததில் அடுப்பு எரிந்தது. பத்தாம் நாள் பவனியில் சுல்தான் கோயிலைச் சுற்றி ஒரு சுற்று நடந்துவிட்டால், மறுநாளே அவன் கடலுக்குப் போகலாம். நடக்காவிட்டால் ஆயுளுக்கும் கரைதான்.

குதிரையைக் கொடுத்தவன் ராமநாதபுரத்து சஃபீர். கல்யாண ஊர்வலத்துக்கும் இன்னும் என்னென்னவோ விசேஷங்களுக்கும் குதிரை விடுகிறவன். "ரொம்ப வெவரமான குதிரைண்ணே. ஒருக்கா சொல்லிக்குடுத்தா சாகுற வரைக்கும் மறக்காது" என்று சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுத்தான். இப்போது அவனுக்குப் போன் போட்டால் அணைந்து கிடந்தது. குதிரை வாங்க ராஜஸ்தான் போயிருக்கிறார், பவனிக்கு நேரே அங்கே வந்துவிடுவார் என்று அவன் தம்பி சொன்னான்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. குளம்பில் முள் என்றார்கள், முட்டியில் வாயு என்றார்கள். விழாக் குழுத் தலைவர் வேதமுத்து குதிரையைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்தார். பவனியில் சந்தியாகப்பர் வேஷம் கட்டி சுல்தான்மேல் உட்கார வேண்டியவர் அவர். எடை நூற்றுப் பத்துக் கிலோ. குதிரை நொண்டுகிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் வந்தவரும் அவர்தான்.

"ஏலே பிரடெரிக், நான் இன்னும் ஏறவே இல்ல. அத எல்லாரும் பாத்துக்கங்க" என்று ஊருக்குப் பொதுவாகச் சொன்னார். பிறகு நோயைச் சொன்னார். படகு இஞ்சினில் சத்தம் கீழே கேட்டாலும் கோளாறு மேலேதான் இருக்கும்; அதுபோல நொண்டுவது கால் என்றாலும் நோவு தோளில் இருக்கிறது. நாற்பது வருஷம் இஞ்சின் பார்த்தவர் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது.

கடற்கரை மணலை வறுத்துச் சாக்கில் கட்டித் தோளில் ஒத்தடம் கொடுத்தார்கள். மேலே சுறா ஈரல் எண்ணெய் தடவினார்கள். விடியும்போது தோளில் ஒரு உள்ளங்கை அகலம் முடி உதிர்ந்திருந்தது. எண்ணெய் வாசனைக்கு ஊரிலிருந்த பூனைகள் முழுக்க வந்து குதிரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. நொண்டல் அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் கால்நடை மருத்துவர் நாகஜோதி வந்தார். பூனைகளை விலக்கிவிட்டுக் குளம்பைத் தட்டினார், கணுக்காலைத் தடவினார், முட்டியை மடக்கினார். கீழே எங்கும் சூடில்லை, வீக்கமில்லை.

"அப்ப மேலதான். முழங்கையா இருக்கலாம், தோள் மூட்டா இருக்கலாம், தோள் முனையில தசைக்கு அடியில இருக்குற நீர்ப்பையா இருக்கலாம்" என்றார். "மேல வர்ற நோவு லேசுல கண்ணுக்குத் தெரியாது. குதிரைத் தோளு சதைக்குள்ள புதைஞ்சு கெடக்கு. படம் எடுக்குறதும் கஷ்டம்."

தோள் முனையைக் கட்டை விரலால் பலமாக அமுக்கினார். வலி இருந்தால் குதிரை துள்ள வேண்டும். சுல்தான் கொட்டாவி விட்டது. நாகஜோதி இன்னொரு தடவை அமுக்கினார். சுல்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கியது.

"ஆளு கூடுனா அதிகமா நொண்டுதுங்க" என்று ரெஜினா மெல்லச் சொன்னாள். கூட்டத்தைக் கண்டு மிரளுகிறது, உனக்கு என்ன தெரியும் என்று பிரடெரிக் அவளை அடக்கினான்.

தோள்பட்டை எலும்பின் மேலிருக்கும் சதை நாளுக்கு நாள் வற்றினால் நரம்பு போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எதுவும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். ஊசி போட்டார். மேலே யாரும் ஏறக் கூடாது என்றார். வேதமுத்துவின் முகத்தில் கவலையும் நிம்மதியும் மாறி மாறி வந்தன. கடைசியாக டாக்டர், காலை மடக்கிப் படுக்கவிடாதீர்கள், லாடம் முழங்கையில் குத்திக் கட்டி வந்துவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நவநாள் பூசை முடிந்து கோயிலில் வழக்கம்போல் வெடி போட்டார்கள். ஊசியால் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்த சுல்தான் மறுபடி காலைத் தூக்கிக்கொண்டது.

படுக்கவிடக் கூடாது என்றால் தொங்கவிட வேண்டும். பிரடெரிக்குக்குத் தெரிந்த ஒரே தொழில் வலை. பழைய இழுவலையை நான்காக மடித்து, குதிரையின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பூவரச மரக்கிளையில் கப்பி மாட்டி ஆறு பேராக இழுத்தார்கள். சுல்தான் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்தது. அதற்கு அது பிடித்திருந்தது. நான்கு கால்களையும் தளர்த்திவிட்டுக் கண்ணை மூடியது. ஒன்பது மாதத்தில் முதல்முறையாகப் பிரடெரிக் ஒரு பகல் நிம்மதியாக இருந்தான்.

மறுநாள் கிளை முறிந்தது. முறிந்த கிளை ரெஜினாவின் சமையலறைக் கூரைமேல் விழுந்தது. குதிரை கருவாடு காயப்போட்ட பாய்மேல் விழுந்தது. எழுந்தபோது முழங்கையில் புறாமுட்டை அளவுக்கு நிஜமாகவே ஒரு வீக்கம் இருந்தது. இது ஒன்றும் இல்லை, தானாக வடிந்துவிடும் என்று டாக்டர் போனில் சொன்னார். அப்படியானால் தோள்? தோளைப் பற்றித் தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். டாக்டரே அப்படிச் சொன்ன பிறகு பிரடெரிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள், உள்நாட்டுக் கிராமத்திலிருந்து எலும்பு வைத்தியர் சோணைமுத்துவைக் கூட்டி வந்தார்கள். தொட்ட உடனே, தோள் இறங்கியிருக்கிறது என்றார் அவர். மாட்டுக்குப் பார்த்திருக்கிறார், மனிதருக்குப் பார்த்திருக்கிறார், குதிரை இரண்டுக்கும் நடுவில் என்பது அவர் கணக்கு. இருபது முட்டையும் இரண்டு படி உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, நெஞ்சிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினார். கட்டு காய்ந்ததும் சுல்தானால் நொண்டக்கூட முடியவில்லை. எட்டு நாள் கட்டைத் தண்ணீர் படாமல், காற்றுப் படாமல் காப்பாற்றச் சொன்னார். ஆடு படாமல் என்று சொல்ல மறந்துவிட்டார். ஒரே பகலில் பக்கத்து வீட்டு ஆடுகள் உளுந்தைத் துணியோடு தின்று முடித்தன.

ஏழாம் நாள் வேதமுத்து, கோபித்துக்கொள்ளக் கூடாது, டிராக்டருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். வெள்ளைத் துணி சுற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கக் குதிரைபோலத்தான் இருக்குமாம்.

"நான் டிராக்டர்னு நேந்துக்கலையே மாமா" என்றான் பிரடெரிக். வேதமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எட்டாம் நாள், நண்டுக் கம்பெனியில் ரெஜினாவோடு வேலை பார்க்கும் ஜெபமாலை, தன் செபக்குழுவைக் கூட்டி வந்தாள். பன்னிரண்டு பெண்கள் குதிரையைச் சுற்றி நின்று பாடினார்கள். முதல் பாட்டு மெதுவாக இருந்தது. இரண்டாவது பாட்டில் வேகம் பிடித்தது. மூன்றாவது பாட்டில் எல்லாரும் கண்ணை மூடி, உடல் குலுங்க, ஓங்கிக் கைதட்டிப் பாடினார்கள். சுல்தான் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றியது. தலையைச் சிலுப்பியது. பிறகு நான்கு காலிலும் நேராக நடந்துபோய்த் தொட்டியில் தண்ணீர் குடித்தது.

பிரடெரிக் மண்ணில் முழந்தாளிட்டான். ரெஜினா அழுதாள். செய்தி கோயிலுக்கு ஓடியது. வேதமுத்து வேர்க்க வேர்க்க வந்து, குதிரை நடப்பதைக் கண்ணால் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். இப்பேர்ப்பட்ட புதுமையைச் சும்மா விடக் கூடாது என்று அங்கேயே ஓர் அதிர்வெடி வைக்கச் சொன்னார்.

வெடித்தது. சுல்தான் காலைத் தூக்கிக்கொண்டது.

விசுவாசம் போதாத ஒருவர் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ஜெபமாலை நினைத்தாள், ரெஜினாவும் நினைத்தாள். அது தான்தான் என்று பிரடெரிக் முடிவே செய்துவிட்டான். கடலில் மிதந்தபோது பயத்தில் அந்தோணியாருக்கும் ஏதோ நேர்ந்த ஞாபகம் அவனுக்கு மங்கலாக இருந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம், மேலே யாரும் ஏறாமல், பூமாலை மட்டும் போட்டு, நொண்ட நொண்டக் குதிரையைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். நடந்த வரைக்கும் நடக்கட்டும், மிச்சத்தைச் சந்தியாகப்பர் மன்னிக்கட்டும். வேதமுத்து வெல்வெட் அங்கியும் தகர வாளுமாக டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வீக்கத்தைப் பார்க்க வந்த நாகஜோதியும் கூட்டத்தில் நின்றார். சப்பரம் கிளம்பியது. சுல்தான் முன்னால் பத்தடி நொண்டியது. பதினோராவது அடியில் இருபத்தோரு அதிர்வெடிகள் வரிசையாக வெடித்தன.

குதிரை பின்னங்காலில் எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. வலது தோள் மண்ணில் பட விழுந்தது. கால்கள் இரண்டு முறை வெட்டி இழுத்தன. நாக்கு வெளியே தள்ளியது. கண் மூடியது.

பேண்டு வாத்தியம் நின்றது. பிரடெரிக் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறது என்ற நினைப்பில்லாமல் குழந்தைபோல அழுதான். "என் தப்புக்கு ஒன்னய எடுத்துக்கிட்டாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ரெஜினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இனி கடல் இல்லை, குதிரையும் இல்லை. நாகஜோதி மண்டியிட்டுக் குதிரையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துக் கேட்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். தோளில் பயணப் பை, கையில் பாதி குடித்த சர்பத். ராஜஸ்தானிலிருந்து நேரே வந்திருந்த சஃபீர். கிடந்த குதிரையைப் பார்த்தான், புகை கலையாத வானத்தைப் பார்த்தான், அழுகிற பிரடெரிக்கைப் பார்த்தான். சர்பத்தை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் துடைத்துக்கொண்டான்.

"நாலு சினிமாவுல தோள்ல குண்டு பட்டுச் செத்த குதிரைண்ணே இது, இம்புட்டு நல்லா நடிச்சிருக்கு, யாராச்சும் கைதட்டுனாத்தான எந்திரிக்கும்?"